பழி சுமந்த சின்னக் கார்

ஜீவராணியின் உடம்பில் எந்தக் காயத்தைக் காட்டிக் கேட்டாலும் அவள் வாயிலிருந்து ஒரே பதில்தான் வரும். "காருதாங்க." நெற்றியில் தையலா, பொனட் விழுந்துவிட்டது. சுண்டுவிரல் கோணிப்போனதா, கதவில் மாட்டிக்கொண்டது. கன்னம் வீங்கியிருக்கிறதா, திடீர் பிரேக்கில் முன்னால் போய் முட்டிக்கொண்டாள். டிக்கோயாவுக்கு மேலே அவள் கொழுந்து பறிக்கும் தேயிலைத் தோட்டத்தில் இந்தப் பதிலைக் கேட்காத ஆள் கிடையாது. கேட்டவர்கள் "அடப் பாவமே, அந்தச் சனியன விட்டுத் தொலைங்க" என்று காரைத் திட்டிவிட்டுத் தங்கள் பாட்டுக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போனவர்களை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

உண்மையில் அந்தக் கார் அவள் மேல் ஒரு கீறல்கூடப் போட்டதில்லை. போட்டதெல்லாம் ஜூட்சன், வேதக் கோயிலில் பாதர் முன்னால் அவள் கையைப் பிடித்த புருஷன்.

காரைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஜூட்சன் கொழும்பில் ஓர் இரும்புக்கடையில் நின்றவன். கடையை மூடியதும் ஊருக்கு வந்து சேர்ந்தான். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று கண்டவனிடமும் பேச்சு வாங்கும் பிழைப்பு தனக்கு வேண்டாம், கார் வாங்கி வாடகைக்கு ஹயர் ஓடப் போகிறேன் என்று மார்தட்டினான். வெளிநாட்டிலிருந்து வாகனம் வருவது நின்றுபோயிருந்த காலம் அது. பழைய இரும்புக்குப் போக வேண்டியதெல்லாம் மெழுகு பூசிக்கொண்டு ரோட்டோரம் நின்று பல்லிளித்தது. ஹட்டனில் ஒரு தரகன் இவனைப் பிடித்துக்கொண்டான். "டீச்சரம்மா ஒருத்தங்க ஓட்டுன வண்டி தம்பி. ஸ்கூலுக்கும் கோயிலுக்கும் தவிர எங்கயும் போனதில்ல" என்று தேனாய்ப் பேசினான். ஜீவராணியின் தாலிக்கொடி முதற்கொண்டு அதில் கரைந்தது. வாங்கி வந்த அன்றைக்கே தோட்டத்து ஏற்றத்தில் பாதி வழியில் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. அந்த டீச்சரம்மா அதை எப்படித்தான் ஓட்டினாளோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

அந்தச் சிவப்புச் சின்னக் காருக்கு இல்லாத வியாதி இல்லை. ஏற்றத்தில் கொதிக்கும், இறக்கத்தில் கியர் நழுவும், மழை வந்தால் வைப்பர் தூங்கும். இடது பக்கக் கதவை உள்ளேயிருந்து காலால் உதைத்தால்தான் திறக்கும். ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருந்தது. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது ஸ்டாட்டர். சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு ஆள் பொனட்டைத் தூக்கி, ஸ்டாட்டர் மண்டையில் சுத்தியலால் ஒரு போடு போட வேண்டும். அதே நேரத்தில் உள்ளே இருப்பவன் சாவியைத் திருக வேண்டும். அப்போதுதான் உயிர் வரும்.

சுத்தியல் போடும் ஆள் ஜீவராணி. அதற்காகவே அரைநாள் பேரையும் கூலியையும் இழந்து மலையிலிருந்து இறங்கி வருவாள். அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பக்கத்து இறக்கத்தில், மூக்கு கீழே பார்க்கும்படி கார் நிற்கும். முன் டயருக்கு ஒரு கல், அதோடு கியரும் போட்டிருக்கும். ஹேண்ட் பிரேக் இல்லாத வண்டியைக் கல்லை மட்டும் நம்பி விட முடியாதல்லவா? ஜூட்சன் ஒரு காலால் கிளச்சை மிதிப்பான், மறு காலால் பெட்ரோலை மிதித்து மிதித்து எடுப்பான். பிரேக்குக்கு அவனிடம் மூன்றாவது கால் கிடையாது. ஜீவராணி காருக்கு முன்னால், இறக்கத்துப் பக்கம் நின்று, பொனட்டுக்குள் தலையை விட்டு அடிப்பாள். எஞ்சின் பிடித்ததும் அவன் பெட்ரோலிலிருந்து காலை எடுத்து பிரேக்கில் வைப்பான். அவள் குனிந்து கல்லை உருவி எடுத்துவிட்டு ஒதுங்குவாள். தினமும் உயிரைப் பணயம் வைக்கும் இந்த வித்தையைச் சனங்கள் வேடிக்கை பார்த்துப் பழகிவிட்டார்கள்.

"அடிச்சாத்தான் ஓடும்" என்று ஜூட்சன் சந்தியில் நின்று சொல்வான். "காரும் சரி, வீட்டுல உள்ளதும் சரி." கூட நிற்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கிறார்களாம், வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

முதல் அடி எப்படி விழுந்தது தெரியுமா? கார் வாங்கிய புதிதில், குறை சொல்லித் தரகனிடம் சண்டைக்குப் போனான் ஜூட்சன். "டீச்சரம்மா வண்டின்னு ஏமாத்திட்டியேடா" என்று அவன் சட்டையைப் பிடித்தான். தரகன் தனியாள் இல்லை. அவனுடைய ஆட்கள் நாலைந்து பேர் சேர்ந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்து இவனைத் துவைத்து எடுத்துவிட்டார்கள். மூக்கில் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்தவனிடம் ஜீவராணி, "என்னங்க ஆச்சு?" என்று ஓடிவந்தாள். அதுதான் அவள் செய்த குற்றம். வெளியே வாங்கியதையெல்லாம் உள்ளே திருப்பிக் கொடுத்தான். அடுப்புக் கட்டையால் நெற்றி பிளந்தது.

டிஸ்பென்சரியில் அவள் வாய் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "பொனட்டு விழுந்துருச்சு ஐயா. அந்தக் கம்பி ஒடஞ்சு கெடக்கு."

பொனட் கம்பி உடைந்து கிடந்தது ஊருக்கே தெரிந்த விஷயம். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கம்பு ஒன்றைத்தான் முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். யார் சந்தேகப்படுவார்கள்? டிஸ்பென்சர் ஐயா தைத்து அனுப்பினார். வரும் வழியில் ஜூட்சன் அவள் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தான். "வெளிய சொல்லி மானத்த வாங்காத, என்ன?" என்றான். அவளும் தலையாட்டினாள். கலியாணமாகி வருஷம் முடியாத நேரம். அவளுக்கும் மானம் பெரிதாய்த்தான் இருந்தது.

அதன் பிறகு காரின் ஒவ்வொரு குறையும் அவனுக்கு வசதியாய்ப் போயிற்று. கதவு மாட்டும் என்று எல்லாருக்கும் தெரியும், ஆகவே விரலை முறிக்கலாம். பிரேக் திடீரென்று பிடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், ஆகவே முகத்தில் குத்தலாம். கார் எவ்வளவுக்கெவ்வளவு கெட்டுப்போனதோ அவ்வளவுக்கவ்வளவு அவன் கை துணிந்தது. நல்ல காராய் இருந்திருந்தால் அவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கதை கட்டியிருப்பான்?

ஒரே ஒரு ஆளிடம் மட்டும் அந்தக் கதை எடுபடவில்லை. ஹட்டனில் கராஜ் வைத்திருந்த இம்தியாஸ் பாஸ் அந்தக் காரின் குடலை அறிந்தவர். ஒருநாள் ஜூட்சன் டீ குடிக்கப் போயிருந்த நேரம், காருக்குப் பக்கத்தில் நின்ற ஜீவராணியின் காதோரத்துக் காயத்தைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி இது?"

"பொனட்டு விழுந்துருச்சு பாஸ்."

இம்தியாஸ் பொனட்டைத் தூக்கிக் காட்டினார். உள்ளே புதிய கம்பி பளபளவென்று நின்றது. "இத நான் வெல்ட் பண்ணிக் குடுத்து எத்தன மாசமாச்சு? ரெண்டு ஆள் தொங்கினாலும் விழாது." அவள் டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "காரு பேசாதுங்கிறதுக்காக அது தலையில எல்லாத்தையும் போடாதீங்க. நீங்க வாயத் தொறந்தா நானும் வந்து சொல்றேன்."

அதற்குள் ஜூட்சன் வந்துவிட்டான். இம்தியாஸ் பேச்சை மாற்றினார். "கிளச் கேபிள் நாராப் போச்சு ஜூட்சன். இப்பவே மாத்திக்க, இல்லாட்டி ஒருநாளைக்கு ஆளக் கொல்லும்."

"அடுத்த வாட்டி பாப்போம் பாஸ்" என்றான் ஜூட்சன். அவனுக்கு எல்லாமே அடுத்த வாட்டிதான், அடி ஒன்றைத் தவிர.

பிறகு அவள் உண்டானாள். எத்தனையோ நேர்த்திக்குப் பிறகு வந்த பிள்ளை. அதன் பிறகு சுத்தியல் போடும்போதுகூட வயிறு படாமல் சாய்ந்து நின்று போடுவாள். லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு மரியநாயகியக்கா தன் பங்குப் பாலை ஊற்றி வைத்து இவளுக்குக் கொடுப்பாள்.

சிவனொளிபாத மலைக் காலம் வந்தது. மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு யாத்திரைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போன ஜூட்சன், வழியில் நின்றால் அடிக்க ஆள் வேண்டும் என்று ஜீவராணியையும் முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டான். ஏற்றத்தில் கார் கொதித்து நின்றது. அவள் இறங்கி அடித்தாள், அடித்தாள், அது அசையவேயில்லை. யாத்திரைக்காரர்கள் அவனை வாயில் வந்தபடி ஏசிவிட்டு வேறு வேனில் ஏறிப் போனார்கள். அவன் வீல் ஸ்பேனரை எடுத்துக் காரின் பக்கவாட்டை நெளிய நெளிய அடித்தான். கை ஓயும்வரைக்கும் அடித்தான். ஜீவராணி ரோட்டோரம் நின்று, தெய்வமே, இதோடு போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். போகவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினான். கையால் அடித்தான், பிறகு காலால் உதைத்தான். எங்கே உதைத்தான் என்று சொல்ல நாக்குக் கூசுகிறது.

பிள்ளை தங்கவில்லை.

பார்க்க வந்த சனத்திடமெல்லாம் ஜூட்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "ரோடு மோசம். காரு குலுக்குன குலுக்குல…" கோயில் கூட்டத்துப் பெண்கள் ஜீவராணியைப் பார்த்து, "அந்த வண்டியில ஏன் ஏறுன, புத்தியில்லாதவளே?" என்றார்கள். அவளும், "காருதாங்க" என்றாள். செத்துப்போன பிள்ளையின் மேல் பொய் சொன்னோம் என்ற நினைப்பு அவளைத் தூங்க விடவில்லை.

லிந்துலையில் இருந்த அக்கா வீட்டுக்கு ஒருமுறை ஓடிப்போனாள். மறுநாளே ஜூட்சன் பழக்கூடையோடு வந்து நின்றான். அக்கா புருஷன் நடுவில் உட்கார்ந்து பெரிய நியாயஸ்தன் மாதிரி கேட்டார். "இவரு ஒன்ன அடிச்சாரா, இல்லியா? நேரா சொல்லு." நேராய்ச் சொல்வதாம்! அடித்தவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டா கேட்பது? அவன் பார்வை அவள் தொண்டைக் குழியில் நின்றது. "இல்ல மச்சான், காருதான்" என்றாள். அன்றைக்கு வீடு திரும்பியதும் அவன் முதல் தடவையாகக் கழுத்தைப் பிடித்தான். கண் இருட்டிக்கொண்டு வந்தபோது விட்டான். அடுத்த முறை விடமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. இனி உயிரோடு இருக்க வேண்டுமென்றால் இந்த வீட்டை விட்டுப் போயாக வேண்டும், போக வேண்டுமென்றால் வாயைத் திறந்தாக வேண்டும். ஆனால் இத்தனை நாள் கார் கார் என்று சொன்ன வாய் திடீரென்று மாற்றிச் சொன்னால் எவர் நம்புவார்?

அந்தக் கார் உண்மையாகவே அவளை அடித்தது அதற்குப் பிறகுதான்.

சாயந்தரம். மலையிலிருந்து எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ஹட்டனுக்கு ஒரு ஹயர் வந்திருந்தது. ஜூட்சன் ஏறி உட்கார்ந்து, "ஏய், வாடி சீக்கிரம்!" என்று கத்தினான். அவள் பொனட்டைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு, சுத்தியலை ஓங்கினாள். ஒரு போடு. 'டிக்.' இன்னொரு போடு. ஸ்டாட்டர் உறுமிக்கொண்டு எழுந்தது. அதே கணத்தில் காருக்குள்ளே எதுவோ 'டங்' என்று தெறித்தது. "ஐயோ, கிளச்சு!" என்று ஜூட்சன் அலறினான். அந்த அலறலில் பொய் இல்லை. அவள் காதாரக் கேட்டாள்.

கேபிள் அறுந்துவிட்டது. கியரில் நின்ற கார் கல்லின் மேல் ஏறிப் பாய்ந்தது. அவளை முட்டித் தள்ளிக்கொண்டு போய், தண்ணீர் ஓடும் கான் ஓரத்துக் கல்கட்டில் வைத்து நசுக்கியது. வலது தொடை முறிந்த சத்தத்தை அவளே கேட்டாள். அவள் போட்ட கூச்சலில் லயத்துக் கதவுகள் எல்லாம் திறந்தன.

ஆண்கள் ஓடிவந்து காரைப் பின்னால் தள்ளினார்கள். அவள் துணிமூட்டை மாதிரி சரிந்தாள். ரத்தம் கானில் ஓடியது. ஜூட்சன் காரை விட்டுக் குதித்து ஓடிவந்து, அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு குழறினான். "நான் ஒண்ணும் பண்ணலங்க! கேபிள் அறுந்துருச்சு! சத்தியமா காருதாங்க!"

"காரா?" என்றாள் மரியநாயகியக்கா. அவள் குரலே ஒரு மாதிரியாய் இருந்தது. "என்னடா சொன்ன? காரா?" காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அவன் வாயிலேயே ஒன்று வைத்தாள். "செவுத்துக்கு அந்தப் பக்கம் நான் படுத்துக் கெடக்கேன்டா! ஒவ்வொரு நாளும் கேட்டுக்கிட்டுத்தானே கெடக்கேன்! பிள்ளையையும் காருன்ன, இப்ப இவளையும் காருன்றியா?"

அந்த ஒரு செருப்படி போதுமாய் இருந்தது. இத்தனை காலமும் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டு, புருஷன் பெண்டாட்டி விவகாரம் நமக்கெதுக்கு என்று போர்வையை இழுத்துப் போர்த்தியவர்கள் எல்லாரும் ஒரேயடியாய்ப் பாய்ந்தார்கள். மூன்றாம் காம்பரா அழகன் அவன் தலைமயிரைப் பிடித்தான். இன்னொருவன் வயிற்றில் உதைத்தான். சந்தியில் நின்று சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள், அவர்கள்தான் பலமாய் அடித்தார்கள். பல்லொன்று தெறித்துப் புல்லில் விழுந்தது. "கேபிளப் பாருங்க, கேபிளப் பாருங்க" என்று அவன் கத்தக் கத்த அடி கூடியதே தவிரக் குறையவில்லை. செய்த பாவத்துக்கெல்லாம் ஒருநாள்கூட விழாத அடி, செய்யாத ஒன்றுக்கு வட்டியோடு விழுந்தது.

கடைசிக் கொழுந்து ஏற்ற வந்த லொறியில் ஜீவராணியைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். கொழுந்துச் சாக்குகளின் மேல் கிடந்தபடி, அந்த வலியிலும் அவள் கண்ணை மூடவில்லை. அவனுக்கு விழுந்த ஒவ்வோர் அடியையும் பார்த்தாள். அவளுக்கு அது இனித்தது. இதைச் சொல்வதில் என்ன வெட்கம்? இனிக்கத்தான் செய்தது.

மறுநாள் காலை டிக்கோயா ஆஸ்பத்திரியில், இழுத்துக் கட்டிய காலோடு படுத்திருந்தாள். வார்ட்டில் நர்ஸாய் இருந்த மிஸ்ஸி பூரணி இந்தப் பக்கத்துப் பிள்ளை. கோணிய விரலோடும் வீங்கிய கன்னத்தோடும் ஜீவராணி வந்தபோதெல்லாம் "நெசமாவே காருதானா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்தவள். இப்போது கூடவே ஒரு பொலிஸ்காரியும் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் சிங்களத்தில் கேட்க, பூரணி தமிழில் சொன்னாள்.

வாசலில் ஜூட்சன் நின்றான். உதடு தடித்து, ஒரு கண் மூடியிருந்தது. கையில் அறுந்த கேபிள். அதைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறான். "இங்க பாருங்க மேடம், இங்க பாருங்க" என்று எல்லாரிடமும் நீட்டினான். கடைசியில் அதை ஜீவராணியின் கட்டிலில் கொண்டுவந்து வைத்தான். நாராய்ப் பிரிந்த கம்பிகள் பழைய துருவோடு இருந்தன. ஒரே ஒரு இழை மட்டும் புதிதாய் அறுந்து மின்னியது.

"ஒனக்குத் தெரியுமில்ல ஜீவா" என்றான். அவன் அவளிடம் கெஞ்சி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. "நான் கிளச்ச மிதிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். நான் கத்துனது ஒனக்குக் கேட்டுச்சில்ல? சொல்லும்மா. காருன்னு சொல்லும்மா."

கேட்டதுதான். அவளுக்கு எல்லாம் தெரியும். இந்த ஒரு தடவை அவன் மேல் குற்றமில்லை. காருதான் என்று சொன்னால் அது அப்பட்டமான உண்மை. கால் கூடியதும் அந்த உண்மையே அவளை அவன் வீட்டுக்கு, அவன் கைக்கு, அந்தக் கழுத்துப் பிடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பொலிஸ்காரி ஏதோ கேட்டாள். பூரணி ஜீவராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஒங்கள இப்படிப் பண்ணது காரா, இவரா? பயப்படாம சொல்லுங்க."

ஜீவராணி கேபிளைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, அவன் கண்ணை நேருக்கு நேராய்ப் பார்த்தாள்.

"காருக்கு என்னாங்க தெரியும்?" என்றாள். "இவருதான். வேணும்னேதான் விட்டாரு."

"பொய்! மாதாவே, பொய்!" என்று ஜூட்சன் கட்டிலை நோக்கிப் பாய்ந்தான். பழக்க தோஷத்தில் கை ஓங்கியே வந்தது. அந்த ஓங்கிய கையைப் பொலிஸ்காரியும் பார்த்தாள், வார்ட்டே பார்த்தது. ஆஸ்பத்திரி வேலையாட்களின் கங்காணியும் இன்னொரு ஆளும் அவனை மடக்கிப் பிடித்து வெளியே இழுத்தார்கள். ஆஸ்பத்திரி நடை முழுக்க "காருதான், காருதான்" என்று அவன் குரல் போய்க்கொண்டே இருந்தது.

சட்டம் படித்தவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

பூரணி தண்ணீர் கொடுத்தாள். ஜீவராணி ஒரு மிடறு குடித்தாள். பொலிஸ்காரி எழுந்திருக்கப் போனாள். ஜீவராணி கையை நீட்டி அவள் சட்டை நுனியைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இன்னும் முடியல மிஸ்ஸி, அவங்கள இருக்கச் சொல்லுங்க" என்றாள். "மொதல்ல என் பிள்ளையில இருந்து சொல்றேன்."